பாலில் 'வீரிய மரபணு': பசுவின் மடிநோய்ச் செய்திகளை எப்படிப் படிப்பது?

பசுக்களின் மடிநோய் பற்றிய ஆய்வு ஏதாவது செய்திக்கு வந்தால், "வீரிய மரபணுக்கள் கொண்ட பக்டீரியா கண்டறியப்பட்டது" என்ற வரியும் அநேகமாகக் கூடவே வரும். கொழும்பில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பிள்ளைக்கென்று பசும்பால் வாங்கும் ஒரு தாயை அந்த ஒரு வரி போதும் கலங்க வைக்க. அவருக்கு எழும் கேள்விகள் நியாயமானவை. இந்த மரபணு மாட்டினுடையதா, கிருமியினுடையதா? பாலோடு சேர்ந்து நம் உடம்புக்குள் வந்துவிடுமா? காய்ச்சினால் போகுமா? பேசாமல் பால்மாவோடே இருந்துவிடலாமா?

சுருக்கமான பதில்கள் இவை. மரபணு கிருமியினுடையது. அதை விழுங்குவதால் நமக்கு எதுவும் நேராது. கீரையிலும் மீனிலும் தினமும் கோடிக்கணக்கான மரபணுக்களைச் சாப்பிட்டுச் செரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் அது முன்பே செய்து வைத்துவிட்ட ஒரு பொருள் சாகாது. அந்தக் கடைசி விஷயம்தான் கவனிக்க வேண்டியது. அதற்குப் போகுமுன் மடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மடிக்குள் நான்கு அறைகள்

வெளியே ஒன்றாகத் தெரியும் பசுவின் மடி உள்ளே நான்கு தனி அறைகளாகப் பிரிந்திருக்கிறது. அறைக்கு ஒரு காம்பு. ஓர் அறையில் சுரக்கும் பால் அடுத்த அறைக்குப் போகாது. அதனால்தான் ஒரு காம்பில் பால் திரிதிரியாக வரும்போது மற்ற மூன்றிலும் வெள்ளையாக, சுத்தமாகக் கறக்க முடிகிறது.

காம்பின் நுனியில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளமான ஒடுங்கிய வழி இருக்கிறது. நம் நகத்தில் உள்ள கெரற்றின் என்ற புரதமே அங்கே மெழுகு போலப் படிந்து அந்த வழியை அடைத்து வைக்கிறது. கறக்கும்போது அந்த அடைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப்போகிறது. கறந்து முடித்ததும் வாய் உடனே இறுகுவதில்லை. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை தளர்ந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு சாணியிலும் சேற்றிலும் படுத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. கறந்தவுடன் மாட்டுக்கு முன்னால் புல்லைப் போட்டு நிற்க வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

உள்ளே போன கிருமியை எதிர்க்க இரத்தத்திலிருந்து வெண்குழியங்கள் பாலுக்குள் இறங்குகின்றன. மடி வீங்கி, சூடாகி, தொட்டால் மாடு உதைக்கிறது; பாலில் கட்டியும் சில வேளை இரத்தமும் வருகின்றன. இதுதான் மடியழற்சி. ஊரில் "மடி கல்லாகிப்போச்சு" என்பார்கள், நாவூறு பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப்போடுகிறவர்களும் உண்டு. இது கண்ணுக்குத் தெரியும் நோய். கண்ணுக்குத் தெரியாத வகை இதைவிடப் பல மடங்கு அதிகம்: மடி சாதாரணமாக இருக்கும், பாலும் பார்வைக்கு நன்றாக இருக்கும், அளவு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இதை மறைநோய் என்று வைத்துக்கொள்வோம்.

மறைநோயைப் பிடிக்க 1957-இல் அமெரிக்காவில் வந்த ஓர் எளிய சோதனை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதன் பெயர் கலிபோர்னியா மடியழற்சிச் சோதனை. கைப்பிடி வைத்த ஒரு வெள்ளைத் தட்டு, அதில் நான்கு குழிகள். காம்புக்கு ஒரு குழியாகக் கொஞ்சம் பாலைப் பீச்சி, அதே அளவுக்கு ஊதா நிறத் திரவத்தை விட்டுத் தட்டை மெல்லச் சுழற்ற வேண்டும். நோயில்லாத பால் தண்ணீராகவே சுற்றி ஓடும். நோய் உள்ள குழியில் பத்து இருபது விநாடிக்குள் மூக்குச்சளி போலத் திரளும். தட்டைச் சரித்தால் மொத்தமும் ஒரே கட்டியாக வழுக்கி நகரும். திரவத்தில் இருப்பது ஒரு வகைச் சவர்க்காரப் பொருள். அது வெண்குழியங்களை உடைக்கிறது. உள்ளேயிருந்து வெளிவரும் டி.என்.ஏ. இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கூழாகின்றன. அந்தத் தட்டில் நாம் வெறுங்கண்ணால் பார்ப்பது மாட்டின் சொந்த மரபணுப் பொருள். கிருமியுடையதைப் பார்க்க ஆய்வுகூடத்துக்குத்தான் போக வேண்டும்.

பாலில் உள்ள இந்த வெண்குழியக் கலங்களை எண்ணியும் பார்க்கலாம். ஒரு மில்லிலீற்றரில் 2 இலட்சத்தைத் தாண்டினால் அந்த மடியில் தொற்று இருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். பண்ணையிலிருந்து சேகரிக்கும் பாலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் உச்சவரம்பு 4 இலட்சம்.

மரபணு ஒன்று, வீரியம் வேறொன்று

பாடசாலை உயிரியலில் 'பரம்பரையலகு' என்று படித்ததும் செய்தியில் 'மரபணு' என்று வருவதும் ஒன்றே: ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று டி.என்.ஏ.யில் எழுதப்பட்ட குறிப்பு. மடிநோய்க் கிருமிகளில் பெயர்போன ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸில் இப்படி 2,500-க்கும் மேற்பட்ட குறிப்புகள் உள்ளன. பெரும்பாலானவை அன்றாட வேலைக்கானவை: உணவைச் செரிப்பது, கலச்சுவரைக் கட்டுவது, இரண்டாகப் பிரிவது. இவை எந்தக் கிருமிக்கும் வேண்டும்.

ஒரு சிறு பங்கு மட்டும் இன்னோர் உயிரின் உடம்புக்குள் நுழைந்து, நிலைத்து, சேதம் செய்வதற்கு உதவுகிறது. அவற்றைத்தான் வீரிய மரபணுக்கள் என்கிறார்கள். 'வீரியம்' என்ற சொல் தமிழில் விதைக்கும் மருந்துக்கும் நல்ல அர்த்தத்தில் வருவதால் இங்கே குழப்பம் உண்டாகிறது. இந்த இடத்தில் அதன் பொருள் நோய் உண்டாக்கும் திறன், அவ்வளவுதான்.

திறன் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. வீட்டில் அரிவாள் இருக்கிறது என்பதால் வெட்டு நடந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. மடிநோய் மரபணுச் செய்திகளில் பெரும்பாலான குழப்பம் இந்த வேறுபாட்டை விட்டுவிடுவதால்தான் வருகிறது.

ஓரியஸ் என்னென்ன வைத்திருக்கிறது

ஓரியஸ் மடியில் என்ன செய்கிறது என்பதை வரிசையாகப் பார்த்தால் அதன் மரபணுப் பட்டியல் தானே புரிந்துவிடும்.

1. முதலில் ஒட்டிக்கொள்ள வேண்டும். தினமும் ஒன்றிரண்டு தடவை பால் வெளியே இழுக்கப்படும் இடம் மடி. ஒட்டாத கிருமி பாலோடு வெளியேறிவிடும். அதனால் ஓரியஸ் தன் மேற்பரப்பில் கொக்கி போன்ற புரதங்களை நட்டு வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று ஃபைப்ரோனெக்டின் என்ற மாட்டுப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். இதற்கான மரபணுவுக்கு எஃப்.என்.பி.ஏ. என்று பெயர். இந்தப் பிடியின் உதவியால் கிருமி மடியின் உட்சுவர்க் கலங்களுக்கு உள்ளேயே போய் உட்கார்ந்துவிடவும் முடியும். அங்கே பல மருந்துகள் போதிய அளவில் எட்டுவதில்லை. மருந்து ஏற்றியதும் பால் தெளிந்து, இரண்டு வாரத்தில் அதே காம்பு மறுபடி கெடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2. பிறகு ஒளிந்துகொள்ள வேண்டும். புரதம் ஏ என்று ஒன்று இருக்கிறது. மாட்டின் பிறபொருளெதிரி கிருமியைப் பிடிக்க வரும்போது, இந்தப் புரதம் அதைத் தலைகீழாகப் பற்றிக்கொள்கிறது. வெண்குழியம் பிடிக்க வேண்டிய முனை கிருமியின் பக்கம் போய்விடுவதால் பிறபொருளெதிரி இருந்தும் பயனில்லை. கோஅகுலேஸ் என்ற இன்னொரு புரதம் குருதியின் உறைபொருளைத் திரட்டிக் கிருமியைச் சுற்றிப் போர்வை போலப் போர்த்துகிறது. ஆய்வுகூடத்தில் ஓரியஸை அதன் உறவுக் கிருமிகளிலிருந்து பிரித்து அறிய நெடுங்காலமாகப் பார்ப்பதும் இந்தக் கோஅகுலேஸைத்தான்.

3. எதிர்ப்பவரைச் சிதைப்பது அடுத்தது. ஆல்பா, பீட்டா என்று இரண்டு நச்சுகள் கலங்களின் சவ்வைத் தாக்குகின்றன. 'லூக் எம்' மரபணுவிலிருந்து வரும் நச்சு மாட்டின் வெண்குழியங்களையே குறிவைத்துக் கொல்கிறது. மாடுகளில் காணப்படும் ஓரியஸ் வகைகளில்தான் இது பெரும்பாலும் தென்படும்.

4. குடியேறுவது. கிருமிகள் கூட்டமாகச் சேர்ந்து பசைபோன்ற ஒரு பொருளைச் சுரந்து அதற்குள் வாழும். ஆற்றுக்கல்லைத் தடவினால் கையில் படும் வழுவழுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இதை உயிர்ப்படலம் என்கிறோம். ஐ.சி.ஏ. என்ற மரபணுத் தொகுதி இந்தப் பசையைச் செய்கிறது. 'பாப்' என்ற இன்னொரு உயிர்ப்படல மரபணு முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே மாட்டின் மடிநோய்க் கிருமியில்தான்.

இவை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. ஓரியஸ் தன் கூட்டத்தின் அளவை உணரக்கூடியது. ஒவ்வொரு கிருமியும் ஒரு சிறு சமிக்ஞைப் பொருளை வெளிவிடும். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது ஒட்டும் புரதங்களை அதிகம் செய்து அமைதியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். கூட்டம் பெருகிச் சமிக்ஞை அடர்த்தியானதும் ஒட்டுவதைக் குறைத்து நச்சுகளை அவிழ்த்துவிடும். ஏ.ஜி.ஆர். என்ற மரபணுத் தொகுதிதான் இந்த மாற்றத்தை நடத்துகிறது. மரபணு கிருமிக்குள் முதல் நாளிலிருந்தே இருக்கிறது, நச்சு வருவது பிறகு. இருப்பதும் இயங்குவதும் வேறு என்று மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கையிலிருந்து வந்ததா, மாட்டிலிருந்து வந்ததா?

இந்தத் துறையில் மிக அழகான துப்பறிதல் என்று எனக்குத் தோன்றுவது இதுதான்.

பக்டீரியாவையும் வைரஸ் தாக்கும். சில வைரஸ்கள் பக்டீரியாவைக் கொல்லாமல், தங்கள் டி.என்.ஏ.யை அதன் டி.என்.ஏ.க்கு நடுவே செருகிவிட்டுத் தங்கிவிடும். மனிதரின் மூக்கிலும் தோலிலும் வாழும் ஓரியஸில் இப்படி ஒரு வைரஸ் பெரும்பாலும் இருக்கிறது. அது வந்து செருகிக்கொள்ளும் இடம் பீட்டா நச்சுக்கான மரபணுவின் சரியாக நடுப்பகுதி. புத்தகத்தின் ஒரு வரிக்கு நடுவே வேறொரு புத்தகத்தின் பக்கங்களை ஒட்டினால் அந்த வரியை வாசிக்க முடியாமல் போவதுபோல, பீட்டா நச்சு அங்கே செய்யப்படாமல் போகிறது. பதிலுக்கு அந்த வைரஸ் மனித உடலின் எதிர்ப்பை ஏமாற்றும் சில மரபணுக்களைக் கொண்டுவந்து தருகிறது. சில வகைகளில் உணவை நஞ்சாக்கும் மரபணுவும் சேர்ந்து வரும்.

மாடுகளில் பழகிய ஓரியஸ் வகைகளில் இந்த வைரஸ் பொதுவாக இல்லை. அவற்றின் பீட்டா நச்சு மரபணு உடையாமல் முழுதாக இருக்கிறது. ஆகவே ஒரு மடியிலிருந்து எடுத்த கிருமியில் இந்த ஒரு இடத்தைப் பார்த்தாலே, அது மாட்டிலிருந்து மாட்டுக்குப் பரவி வந்ததா, கறப்பவரின் கையிலிருந்து வந்திருக்கக்கூடுமா என்று ஊகிக்கலாம். விதிவிலக்குகள் உண்டு, இருந்தாலும் நல்ல துப்பு. அறிக்கையில் பீட்டா நச்சு மரபணு 'இருக்கிறது' என்று பார்த்ததும் கூடுதல் ஆபத்து என்று நினைத்துவிடுவோம். மனிதருக்குப் பழகாத, மாட்டுக்கே உரிய வகை என்பதற்கான அடையாளமாகவும் அது இருக்கலாம்.

ஈ.கோலை: அதே நோய், வேறு கணக்கு

எல்லா மடிநோய்க்கும் ஓரியஸ் காரணமில்லை. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் அகலாக்டியே என்ற கிருமிக்குப் பசுவின் மடிதான் வீடு. கறப்பவரின் கையிலும் துணியிலும் ஏறி மாட்டுக்கு மாடு போகும், நல்லவேளையாகப் பெனிசிலினுக்குப் பெரும்பாலும் அடங்கிவிடும். 'அகலாக்டியே' என்ற பெயரே 'பால் அற்றுப்போதல்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் உறவான யூபெரிஸ் சுற்றுப்புறத்திலும் படுக்கை வைக்கோலிலும் வாழ்வது. பாலின் கேசீன் புரதத்தை உடைத்து உணவாக்க மாட்டின் சொந்த நொதியத்தையே தூண்டிவிடும் தந்திரம் அதனிடம் உண்டு.

ஈ.கோலை இவற்றிலிருந்து வேறுபட்டது. சாணியில் எங்கும் இருப்பது. கன்று ஈன்ற முதல் சில வாரங்களில், மாட்டின் எதிர்ப்பு தளர்ந்திருக்கும்போது மடிக்குள் போனால் ஒரே இரவில் காய்ச்சல், தண்ணீர் போன்ற பால், எழும்ப முடியாத மாடு என்று ஆகலாம். இவ்வளவு கொடுமை செய்கிறதே, அப்படியானால் இதில் வீரிய மரபணு அதிகம் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். தேடியவர்களுக்கு எல்லா மடிநோய் ஈ.கோலையிலும் பொதுவாக இருக்கும் நச்சு மரபணுப் பட்டியல் எதுவும் கிடைக்கவில்லை. சேதத்தின் பெரும்பகுதி கிருமியின் வெளிச்சுவரில் உள்ள கொழுப்புச்சர்க்கரைப் பொருளால் வருகிறது. அது எந்த ஈ.கோலையிலும் இருக்கும். அதைக் கண்டதும் மாட்டின் உடல் காட்டும் அளவுமீறிய எதிர்வினைதான் மாட்டைச் சாய்க்கிறது.

மடிநோய் ஈ.கோலையில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று இருக்கிறதென்றால், அது இரும்பு தேடும் மரபணுத் தொகுதி. எந்தக் கிருமியும் வளர இரும்பு வேண்டும். பசு தன் பாலில் லக்டோஃபெரின் என்ற புரதத்தை வைத்து இரும்பைப் பூட்டி வைக்கிறது. ஆனால் பாலில் சிற்றேட் (citrate) என்ற பொருளும் தாராளமாக உண்டு, அதுவும் இரும்பைப் பிடிக்கும். 'ஃபெக்' என்ற தொகுதி உள்ள ஈ.கோலை அந்தச் சிற்றேட்டோடு சேர்ந்த இரும்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இது நச்சே இல்லை, பாலில் பிழைத்துக்கொள்ளும் வழி. வீரியம் என்பது சில வேளை இவ்வளவு சாதாரணமான ஒன்றாகவும் இருக்கும்.

'கண்டறியப்பட்டது' என்றால் என்ன கண்டார்கள்?

கொவிட் காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன அதே பி.சி.ஆர். சோதனைதான் இங்கேயும். தேடும் மரபணுத் துண்டு மாதிரியில் இருந்தால் அதை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கும். 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். அவ்வளவு நுட்பமாகப் பார்க்கும் கருவிக்குச் சில குறைகளும் இருக்கின்றன.

1. செத்த கிருமியின் டி.என்.ஏ.யும் உயிருள்ளதுபோலவே தெரியும்.

2. மரபணு இருப்பதைச் சொல்லும். அந்த நேரத்தில் நச்சு செய்யப்பட்டதா என்று சொல்லாது. அதற்குப் புரதத்தையே தேடும் வேறு சோதனை வேண்டும்.

3. மாதிரி எடுத்த விதம் சரியில்லை என்றால் எல்லாம் பிழை. காம்பு நுனியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, முதல் பீச்சல்களைக் கொட்டிவிட்டு, கிருமி நீக்கிய குழாயில் வாய் படாமல் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் தோலில் இருந்த கிருமி 'மடியில் கண்டறியப்பட்ட' கிருமியாகிவிடும். கொழும்புப் பக்கத்து மாட்டின் மாதிரி கன்னொறுவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்துக்கோ போவதென்றால் நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம். ஐஸ் பெட்டியில் போகாத குழாய்க்குள் வழியிலேயே கிருமி பெருகும்.

அப்புறம் இன்னொன்று. ஆய்வுகள் பெரும்பாலும் மடிநோய் உள்ள மாடுகளைத் தேடிப்போய் மாதிரி எடுக்கின்றன. "பரிசோதித்த கிருமிகளில் இத்தனை சதவீதத்தில் இந்த மரபணு" என்பதை "நாம் குடிக்கும் பாலில் இத்தனை சதவீதம்" என்று படிப்பது பெரிய தவறு. செய்தித் தலைப்புகள் அந்தத் தவறை அடிக்கடி செய்கின்றன.

காய்ச்சினாலும் போகாதது

பொங்கல் பானையில் பால் பொங்கி வழிவது நமக்கு மங்கலம். கிருமி விஷயத்திலும் அது நல்லதே: கொதித்த பாலில் ஓரியஸ் பிழைக்காது. 72 பாகை செல்சியஸில் 15 விநாடி வைக்கும் பாஸ்ச்சரைசேஷனே அதற்குப் போதும்.

ஆனால் ஓரியஸின் சில வகைகள் குடல்நச்சு என்ற புரதத்தைச் செய்கின்றன. அதற்கான மரபணுக்களும் வீரிய மரபணுப் பட்டியலில் வரும். மனிதருக்கு நேரடியாகப் பொருட்படுவது முக்கியமாக இவைதான். இந்தப் புரதம் சூட்டுக்கு அசையாது. கிருமி செத்த பிறகும், பால் கொதித்த பிறகும் அப்படியே கிடக்கும். குடித்த சில மணி நேரத்தில் கடும் வாந்தி, வயிற்றுவலி. பெரியவர்கள் ஒரு நாளில் தேறிவிடுவார்கள்; சிறு பிள்ளைகளும் முதியவர்களும் நீர் வற்றிக் களைத்துப்போவார்கள்.

இந்த நச்சு கவலைப்படும் அளவுக்குச் சேர, பாலில் கிருமி மில்லிலீற்றருக்கு இலட்சக்கணக்கில் பெருக வேண்டும். அதற்கு வெப்பமும் நேரமும் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் 4 பாகையில் அது நடக்காது. கொழும்பின் 30 பாகையில் தாராளமாக நடக்கும். காலை ஐந்து மணிக்குக் கறந்த பால் போத்தலில் சைக்கிளில் வந்து, மாடி வீட்டுக் கதவுக் கைப்பிடியில் பையோடு தொங்கி, வேலைக்குப் போகும் அவசரத்தில் பகல் வரை அடுப்பங்கரையில் இருந்து, அதன்பின் காய்ச்சப்படுகிறது என்றால், ஆபத்து அந்த இடைப்பட்ட மணித்தியாலங்களில் இருக்கிறது. அபிஷேகத்துக்கென்று கோயில் படியில் வெயிலில் காத்திருந்து, பிறகு பிரசாதமாகப் பகிரப்படும் பாலுக்கும் இதே கணக்கு. வந்த கையோடு காய்ச்சுங்கள், ஆறியதும் குளிரில் வையுங்கள். காய்ச்சிய பாலுக்குள் கைபட்ட கரண்டியை விடாதீர்கள். மனிதரில் ஏறத்தாழ 30 சதவீதம் பேரின் மூக்கில் ஓரியஸ் குடியிருக்கிறது.

பால்மா குடித்தால் தப்பலாம் என்று நினைப்பவர்கள் 2000-ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹொக்கைடோவில் ஒரு பால் தொழிற்சாலையில் சில மணி நேரம் மின்சாரம் நின்றது. பால் சூடான நிலையில் தேங்கியது, கிருமி பெருகி நச்சு சேர்ந்தது. பிறகு அந்தப் பாலை வழக்கம்போல் சூடாக்கிப் பால்மாவாக்கினார்கள். அந்தப் பால்மாவைச் சேர்த்துச் செய்த பாலைக் குடித்து ஒசாகா பக்கத்தில் 13,000-க்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டார்கள். பொடியாக்கும் சூட்டையும் தாண்டி நச்சு பிழைத்திருந்தது. பசும்பாலா பால்மாவா என்பதைவிட, பால் எவ்வளவு நேரம் சூட்டில் நின்றது என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

மருந்துக்கு அடங்காமை தனிக் கதை

வீரிய மரபணுவையும் மருந்தெதிர்ப்பு மரபணுவையும் செய்திகள் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன. முதலாவது கிருமி எவ்வளவு சேதம் செய்யும் என்பது பற்றியது. இரண்டாவது அதை மருந்தால் அடக்க முடியுமா என்பது பற்றியது. வீரியம் குறைந்த கிருமி மருந்துக்கு அடங்காமல் இருக்கலாம். கொடிய கிருமி ஒரே ஊசியில் அடங்கலாம்.

'பிளா இசட்' என்ற மருந்தெதிர்ப்பு மரபணு உள்ள ஓரியஸ் பெனிசிலினை உடைத்துவிடும். 'மெக் ஏ' உள்ளது மெதிசிலின் குடும்பத்துக்கே அடங்காது. பிரித்தானியாவில் பண்ணைப் பாலைச் சோதித்தபோது, வழக்கமான மெக் ஏ சோதனைக்குச் சிக்காத ஒரு வகை அகப்பட்டது; 2011-இல் அதை அறிவித்தார்கள். அதில் இருந்த புது மரபணுவுக்கு மெக் சி என்று பெயர் வைத்தார்கள். மனிதரிடமும் அது இருந்தது. மாட்டுத் தொழுவத்தில் கண்டபடி போடும் அன்டிபயோட்டிக் மனிதருக்கான வைத்தியத்தையும் பாதிக்கும் என்ற கவலை இதனால்தான்.

காம்புக்குள் மருந்து ஏற்றிய மாட்டின் பாலை, மருந்து உறையில் குறித்திருக்கும் நாள்கள் முடியும்வரை விற்கக்கூடாது. வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுபவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கலாம்: சில நாள் பால் எவ்வளவு நல்ல உறைமோர் விட்டாலும் உறையாது. பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று பாலில் மிஞ்சிய அன்டிபயோட்டிக், உறையவைக்கும் நல்ல பக்டீரியாவையும் கொன்றுவிடுவது.

தொழுவத்தில் இதனால் என்ன மாறும்?

மரபணுப் பட்டியல் தெரிந்ததால் மாட்டுக்காரரின் வேலை பெரிதாக மாறிவிடாது. கறக்குமுன் கையையும் காம்பையும் கழுவித் துடைத்து உலர்த்துவது, முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுத் திரி இருக்கிறதா என்று பார்ப்பது, கறந்ததும் காம்பை அயடின் கரைசலில் தோய்ப்பது, பால் வற்றும் காலத்தில் மிருக வைத்தியர் சொன்னபடி காம்புக்குள் மருந்து ஏற்றுவது: இவை மடிநோய்க் கிருமியின் மரபணுக்களைப் படிக்கத் தொடங்குமுன்பே பழக்கத்துக்கு வந்தவை. எந்த வீரிய மரபணு உள்ள கிருமிக்கும் இவை பொருந்தும், ஏனென்றால் கிருமி உள்ளே போகாமலே தடுக்கின்றன.

ஆனால் இவற்றைச் செய்பவருக்குப் பணம் கூடுதலாகக் கிடைப்பதில்லை. இலங்கையில் பாலுக்கு விலை வைப்பது கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மத்தையும் அளந்து. கலங்களின் எண்ணிக்கை குறைந்த பாலுக்கும் நிறைந்த பாலுக்கும் சேகரிப்பு நிலையத்தில் ஒரே கேன், ஒரே விலை. மலையகத்தில் லயத்துக்குப் பின்னால் இரண்டு மாடு கட்டி, கொழுந்து பறிக்கப் போகுமுன் கறந்து ஊற்றிவிட்டு ஓடும் ஒரு பெண் அயடினுக்குச் செலவழிக்க வேண்டுமென்றால், அந்தச் செலவு விலையில் திரும்பி வர வேண்டும். கொழும்பில் பாலின் தரம் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய மாற்றம் இது என்பது என் உறுதியான கருத்து.

மரபணு அறிக்கை உண்மையில் உதவுவது ஒரு கடினமான இடத்தில். மருந்து பல தடவை தோற்ற ஒரு மாட்டின் ஓரியஸ், கலத்துக்குள் ஒளியும் திறனும் உயிர்ப்படலமும் பெனிசிலின் எதிர்ப்பும் கொண்டது என்று தெரிந்தால், இனியும் மருந்துக்குக் காசைக் கொட்டுவது வீண் என்று வைத்தியர் துணிந்து சொல்லலாம். அப்படிப்பட்ட மாட்டை மந்தையிலிருந்து அகற்றிவிடச் சொல்வதே உலகப் பாடநூல்களின் அறிவுரை. அகற்றுவது என்றால் இறைச்சிக்கு. நம் வீடுகள் பலவற்றில் அது நடக்காது. பால் தந்த பசுவை வெட்டுக்கு விற்க மனம் வராத குடும்பத்திடம் அந்த அறிவுரையை மட்டும் சொல்லிவிட்டு வந்தால், மாடு அதே கொட்டிலில், அதே வரிசையில், அதே கையால் கறக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். மற்ற மாடுகளுக்கும் நோய் போகும்.

அந்தக் குடும்பத்துக்குச் சொல்லக்கூடிய வழி வேறொன்று இருக்கிறது. அந்தப் பசுவைக் கடைசியாகக் கறவுங்கள். அவளுக்கென்று தனி வாளி, தனித் துணி. கெட்ட காம்பின் பாலை நிலத்தில் பீச்சாமல் ஒரு பாத்திரத்தில் எடுத்து, கன்றுக்கும் கொடுக்காமல் குழியில் ஊற்றுங்கள். அந்த அறையை மட்டும் நிரந்தரமாக வற்றவைக்க முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். முடிந்தால் மற்ற மூன்று காம்புகளில் அவள் இன்னும் சில ஈற்றுக்குப் பால் தருவாள். மூன்று காம்பு மாடு என்று ஊரில் விலை குறைப்பார்கள். அவளை விற்பதாக இல்லையென்றால் அந்த விலை பற்றிக் கவலையும் இல்லை.